பனியன் துணியில் ஒரு தூசிப் பை

அனுப்பிரியாவின் தையல் யூனிட்டில் காலை எட்டரைக்கு கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும். அதிலிருந்து கிளம்பும் காற்று கூரையை ஒட்டிய இரும்புக் குழாயில் ஏறி, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நீல ஹோஸ் வழியாக இறங்கும். துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் நூல் வெட்டும் கத்தியைத் தள்ளுவது அந்தக் காற்றுதான். சாயங்காலம் மெஷின்மேல் படிந்த பஞ்சை ஊதித் தள்ளுவதும் அதுதான். ஆனால் ஒரே ஒரு நீல ஹோஸ் மட்டும் எந்த மேசைக்கும் இறங்காமல், ஜன்னல் கம்பிக்கு நடுவே வெளியேறி, ஒரு சந்துக்கு மேலாக, பக்கவாட்டிலிருந்த தகர ஷெட்டுக்குள் போனது. அது அவளுடைய கணவன் மகுடேஸ்வரன் போட்டது.

அவிநாசிபாளையத்தில், தாராபுரம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அவர்களுடைய இடம் இருந்தது. முன்னால் யூனிட், பின்னால் வீடு, பக்கவாட்டில் ஷெட். சுற்றிலும் ஒரே காம்பவுண்டுச் சுவர். தைப்பவர்கள் யூனிட் கதவு வழியாகவும் வீட்டுக்காரர்கள் சமையலறைக் கதவு வழியாகவும் போய் வந்தாலும், காற்றுக்கும் கரண்டுக்கும் அங்கே தனித்தனி வாசல் கிடையாது.

மகுடேஸ்வரன் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். திருப்பூரைச் சுற்றி எந்த மெஷினில் ஊசி உடைந்தாலும் துணியில் கோடு விழுந்தாலும் அவனைக் கூப்பிடுவார்கள். மீதி நேரம் முழுவதும் ஷெட்டில்தான். மூலனூரில் ஒரு முருங்கைக்காய் வியாபாரியின் கிடங்கில், காலிச் சாக்குகளுக்கு அடியில் கிடந்த பழைய பத்மினி காரை வாங்கி வந்து, கடைசி போல்ட்வரை பிரித்துப் போட்டிருந்தான். பிரித்தபின்தான் துருவின் உண்மையான அளவு தெரிந்தது. சக்கரத்தின் இரும்பு வட்டுகளையும் முன்பக்கச் சஸ்பென்ஷன் கைகளையும் துரு செதில்செதிலாகத் தின்றிருந்தது.

துருவைத் தேய்த்து எடுப்பது தட்டையான தகட்டில் சுலபம். சக்கர வட்டில் அப்படியில்லை. விளிம்பு உள்ளே மடங்கும் இடம், வெல்டிங் செய்த மூலை, போல்ட் துளையைச் சுற்றிய குழி என்று கம்பி பிரஷ் நுழையாத இடத்தில்தான் துரு குடியிருக்கும். அந்த இடத்துக்குள் போகக்கூடியவை இரண்டு. ஒன்று அமிலம், அது இரும்பையும் சேர்த்துத் தின்னும், கழுவிவிட்ட தண்ணீர் கிணற்றுக்குப் போகும். மற்றது, காற்றில் பறக்கும் பொடிக்கல்.

அதற்காக அவன் அனுப்பிரியாவின் சீதனப் பீரோவை வெட்டினான். கதவு கோணிப்போய் மூடாமல் கிடந்த பீரோதான். ஆனாலும் அவள் இரண்டு நாள் பேசவில்லை. பாதியாக வெட்டிப் படுக்க வைத்து, அடியில் புனல் மாதிரி தகடு மடித்துப் பற்றவைத்தான். முன்பக்கத்தில் இரண்டு வட்டத் துளைகள் போட்டு, சாயப்பட்டறையில் போடும் நீளமான ரப்பர் கையுறைகளை உள்பக்கமாகப் பொருத்தினான். மேலே ஒரு கண்ணாடிச் சன்னலும் உள்ளே ஒரு எல்.இ.டி. விளக்கும் வைத்தான். கையுறைக்குள் கைவிட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே உள்ளிருக்கும் துப்பாக்கியைப் பிடிக்கலாம்.

அந்தத் துப்பாக்கிக்குள் நகரும் உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. கொசு மருந்து அடிக்கும் பழைய கைப்பம்பைப் பார்த்திருப்பீர்கள். அதில் காற்று ஒரு சின்னக் குழாயின் வாய்மேல் வேகமாக உரசிக்கொண்டு போகும். அந்த வேகமே டப்பாவில் இருக்கும் மருந்தை மேலே இழுக்கும். இங்கேயும் அதேதான். மருந்துக்குப் பதில் புனலின் அடியில் கார்னெட் என்ற சிவப்புக் கல்லின் பொடி இருக்கும். காற்று அதை இழுத்து இரும்பின்மேல் அறையும். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி உளி. அடித்துவிட்டுப் புனலுக்குள் விழுந்து, மறுபடியும் மேலே போகும்.

ஆற்று மணலைப் போட்டால் செலவே இல்லை. ஆனால் மணலில் இருக்கும் சிலிக்கா உடைந்து கண்ணுக்குத் தெரியாத தூசியானால், நுரையீரலுக்குள் போய் அங்கேயே தழும்பாகித் தங்கிவிடும். கார்னெட்டில் அது மிகவும் குறைவு. மகுடேஸ்வரன் படித்துப் பார்த்துத்தான் கோயமுத்தூரிலிருந்து கார்னெட் மூட்டை வாங்கி வந்தான்.

உள்ளே துகள் எகிறுவதால் கண்ணாடி சீக்கிரமே மங்கிவிடும். அதற்கு அவன் கண்ணாடியின் உள்பக்கம் பனியன் போடும் பாலிபேக்கை ஒட்டியிருந்தான். கண்ணாடியைக் கீறும் துகள் பிளாஸ்டிக் தாளை ஒன்றும் செய்யாது. விறைப்பானது உடையும், வளைந்து கொடுப்பது அடியை வாங்கித் திருப்பி விட்டுவிடும். ரப்பர் கையுறை பிழைப்பதும் இதனால்தான்.

கடைசியாகத் தூசி. துருவும் பெயிண்டும் பொடியாகிப் புகைமாதிரி எழும்பும். அதை வெளியே இழுக்காவிட்டால் உள்ளே ஒன்றும் தெரியாது. ஓவர்லாக் மேசைக்குக் கீழே வெட்டுத் துணியை உறிஞ்சும் மோட்டார் ஒன்று பழசாகிக் கிடந்தது. அதைப் பீரோவின் முதுகில் மாட்டி, அதன் வாயில் ஒரு நீளமான துணிப் பையைக் கட்டினான். யூனிட்டில் எல்லா உறிஞ்சு மோட்டார்களுக்கும் இருப்பது போன்ற அதே பை. மிச்சமான இன்டர்லாக் என்ற பனியன் துணியில், கெட்டியாக இருக்கட்டும் என்று இரண்டு மடிப்பாக அவனே தைத்தது.

வீட்டில் எல்லோரும் அதைப் ‘பீரோ’ என்றே சொன்னார்கள். அவன் பீரோவை ஓட்டினால் யூனிட்டில் காற்றழுத்தம் இறங்கும். உடனே ஃப்ளோர் இன்சார்ஜ் மாரிச்செல்வம் ஜன்னலில் தலைநீட்டுவான். கோவில்பட்டிக்காரன்.

“அண்ணே, காத்து இறங்குது. நூலை மெஷின் வெட்ட மாட்டேங்குது, எங்க பிள்ளைக பல்லால கடிக்குதுக.”

“அஞ்சு நிமிஷம் மாரி.”

“உங்க அஞ்சு நிமிஷத்துல எங்க ஊருக்கே பஸ் போயிட்டு வந்துரும்ண்ணே.”

இப்படித்தான் நான்கு மாதமாக ஓடியது. பிறகு ஆடிட் வந்தது.

அனுப்பிரியா ஆறு வருடமாக ஜாப் ஒர்க் செய்கிறாள். பெரிய கம்பெனிகள் வெட்டிய துணியை அனுப்பும், இவள் தைத்துத் திருப்பி அனுப்புவாள். துணி வந்தால் வேலை, வராவிட்டால் மெஷின்மேல் உறை. போன வருடம் அப்படி இரண்டு மாதம் மெஷின்கள் உறையோடு நின்றபோது, நன்றாகத் தைக்கும் ஒன்பது பேர் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார்கள். இப்போது முதல் முறையாக, வெளிநாட்டில் குழந்தைத் துணி விற்கும் ஒரு நிறுவனம் நேரடியாக ஆர்டர் தர முன்வந்திருந்தது. சாம்பிள் தைத்தாகிவிட்டது. அவர்கள் சார்பில் வரும் ஆடிட்டர் யூனிட்டைப் பார்த்து ‘சரி’ என்று எழுத வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

“ஏனுங்க, நாளைக்கு மட்டும் பீரோப் பக்கம் போகாதீங்க” என்று முதல்நாளே கணவனிடம் சொல்லியிருந்தாள்.

“தொடவே மாட்டேன். போதுமா?”

அவன் தொடவில்லை. கன்னையன் என்ற எலக்ட்ரீஷியனோடு சேர்ந்து அவசர வழி விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றான்.

ஆடிட்டர் சித்ராதேவி கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், குரல் உயராத பெண். முதலில் உட்கார்ந்து கேள்விகள் கேட்டாள். வயதுச் சான்று, கழிவறை, அவசர வழி. நடுவில், “சாண்ட் பிளாஸ்டிங் இருக்குங்களா?” என்றாள்.

அனுப்பிரியா சிரித்துவிட்டாள். “ஜீன்ஸ் தைக்கறவங்களுக்கில்ல மேடம் அது? எங்களுது அல்லாமே பனியன் துணிங்க. குழந்தைங்க ஜட்டி, பனியன், ராத்திரி டிரெஸ். அது இல்லீங்க.”

ஜீன்ஸை வெளுத்த மாதிரி காட்ட ஒரு காலத்தில் அதன்மேல் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். அடித்தவர்களின் நெஞ்சு கெட்டுப்போனது. அதனால் பெரிய நிறுவனங்கள் அந்த வேலையையே ஒதுக்கிவைத்துவிட்டன. அவர்களுக்குத் தைக்கிற இடத்தில் அப்படியொரு கருவி இருந்தாலே போதும், வேறெதையும் பார்க்காமல் ஆர்டர் நின்றுவிடும். இது அனுப்பிரியாவுக்கும் தெரியும். ஆனால் அவள் மனதில் அது துணியைப் பற்றிய விதி. பீரோ காரைப் பற்றியது. இரண்டும் அவளுக்குள் சந்தித்ததே இல்லை.

மேசை மேசையாக நடந்து வந்த சித்ராதேவி கிழக்கு ஜன்னலருகே நின்று மேலே பார்த்தாள்.

“இந்த ஹோஸ் எங்க போகுது?”

மாரிச்செல்வம் அனுப்பிரியாவைப் பார்த்தான். அனுப்பிரியா ஹோஸைப் பார்த்தாள். “பின்னால... எங்க ஊட்டுக்குங்க மேடம்.”

“வீட்டுக்கு எதுக்குங்க கம்ப்ரஸர் காத்து?”

பதிலுக்குக் காத்திராமல் சித்ராதேவி அந்த நீல ஹோஸ் போன வழியைப் பிடித்தபடி வெளியே வந்து, சந்தின் குறுக்கே நடந்து, ஷெட் கதவைத் தள்ளினாள். பிரித்துப்போட்ட கார், சுவரோரம் சக்கரங்கள், நடுவே படுத்திருக்கும் ஒரு பச்சைப் பீரோ. கையை உருவும்போது புரண்டுவிட்ட கையுறைகள், அதன் வயிற்றிலிருந்து இரண்டு ஆரஞ்சு நிறக் கைகளாக வெளியே துவண்டு தொங்கின.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அனுப்பிரியாவிடம் திரும்பினாள். “காலைல நான் கேட்டப்ப இல்லைன்னீங்க.”

இப்போதுதான் அனுப்பிரியாவுக்குள் அந்த விதியும் பீரோவும் சந்தித்தன.

“மேடம், சத்தியமா இது காருக்குங்க. நான்... எனக்கு அப்படித் தோணவே இல்லீங்க.”

“அஞ்சு வருஷம் ஒரு ஜீன்ஸ் வாஷிங் யூனிட்ல இருந்தேனுங்க நான்” என்றாள் சித்ராதேவி. “அங்கயும் ஒரு ஷெட் இருந்துச்சு. கேட்டா ஸ்டோர் ரூம்னு சொல்வாங்க.”

மகுடேஸ்வரன் அதற்குள் ஓடி வந்துவிட்டான். மனைவியின் முகம் அவனுக்குப் பயத்தைத் தந்தது. ஆனால் ஒருவர் பீரோவைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார் என்பது அதையும் மீறி அவனுக்கு ஒரு தெம்பைத் தந்தது.

“மேடம், நீங்களே பாருங்க. எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறேன். பொறகு முடிவு பண்ணுங்க.”

அவளுக்கு முகமூடி கொடுத்தான், தானும் மாட்டிக்கொண்டான். துருப்பிடித்த சக்கர வட்டை உள்ளே வைத்து, கையுறைக்குள் கைவிட்டு, காலால் மிதியை அழுத்தினான். ஸ்ஸ்ஸ் என்று ஒரே சீரான இரைச்சல். கண்ணாடிக்கு அப்பால், துப்பாக்கி போன வழியெல்லாம் பழுப்பு மறைந்து, மழைமேகம் போன்ற சாம்பல் நிற இரும்பு வெளிப்பட்டது. வெல்டிங் மூலைக்குள், போல்ட் குழிக்குள், மடிப்புக்குள். சித்ராதேவி தன்னையறியாமல் கண்ணாடிக்கு அருகில் குனிந்தாள்.

“இப்ப ஒரு துணி வைங்க” என்றாள்.

“துணியா?”

“ஒரு பனியன் துண்டு. வைங்க, பார்க்கலாம்.”

சக்கர வட்டின்மேல் துண்டை விரித்துக் கட்டி மிதித்தான். பத்து எண்ணி முடிப்பதற்குள் துணியில் எட்டணா அளவு ஓட்டை விழுந்தது. ஓட்டையின் ஓரம் பூஞ்சை பிடித்த மாதிரி பிசிறடித்தது.

“எங்க துணிக்கு இது ஆகாதுங்க மேடம். மெல்லிசு” என்றான்.

அவள் தலையாட்டவில்லை. டீ வடிகட்டி ஒன்று கேட்டாள். மாரிச்செல்வம் சமையலறையிலிருந்து எடுத்து வந்தான். புனலின் அடியிலிருந்து பொடியைப் பிடித்து அதில் சலித்தாள். சிவப்புத் துகள், கறுப்புச் செதில், பச்சைப் பெயிண்டுத் துணுக்கு. ஒரு நூலும் இல்லை, ஒரு நீலப் பஞ்சும் இல்லை. “ஜீன்ஸ் அடிச்சிருந்தா இங்க நீலப் பஞ்சு அடைச்சிருக்கும். எத்தனை கழுவினாலும் போகாது” என்றாள். “துணிக்கு இல்லைங்கறதை நம்பறேன்.”

அனுப்பிரியா மூச்சுவிட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் சித்ராதேவி பீரோவின் பின்பக்கம் போயிருந்தாள். தொங்கிய பையை விரலால் தடவி, விரலைப் பார்த்தாள்.

“சார், தூசி பைக்குள்ளதான இருக்கணும்? வெளியிலயும் இருக்கே.”

மகுடேஸ்வரன் வந்து பார்த்தான். அவளுடைய விரல் நுனி இளஞ்சிவப்பாக இருந்தது.

“கெட்டித் துணிங்க மேடம். ரெண்டு மடிப்பு. வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்துத்தான் தச்சேன், ஒரு துளை தெரியல.”

“மோட்டாரைப் போட்டுட்டுப் பார்த்தீங்களா?”

அவன் மோட்டாரைப் போட்டான். துவண்டு கிடந்த பை தலையணை மாதிரி உப்பிக்கொண்டது. அதன் அருகில் முகத்தைக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான்.

பனியன் துணி எதனால் உடம்போடு ஒட்டி இழுபடுகிறது என்பது அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய பிழைப்பே அதுதான். அதில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போவதில்லை. ஒரே நூல் வளையம் வளையமாக, முந்தின வளையத்துக்குள் புகுந்து கோத்துக்கொண்டு போகும். இழுத்தால் ஒவ்வொரு வளையமும் வாய் திறக்கும், விட்டால் மூடும். கையில் பிடித்துப் பார்க்கும்போது அத்தனை வாய்களும் மூடியிருந்தன. மோட்டார் ஊதும்போது பை உப்பி, அத்தனையும் திறந்துகொண்டன. வெட்டுத் துணிக்கு அந்த வாய் சின்னது, அதனால் யூனிட்டில் அந்தப் பை சரியாக வேலை செய்தது. கல்பொடிக்கு அது வாசல். திருப்பூரில் துணி என்றால் பனியன் துணி; வேறொரு துணி இருக்கிறது என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை.

“இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன?” என்றாள் சித்ராதேவி.

“சந்துங்க. சந்துக்கு அந்தப் பக்கம் யூனிட்டு” என்றாள் அனுப்பிரியா வேகமாக. “ஆனா அங்க வராதுங்க மேடம். எங்களுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் அல்லாம் மேக்குச் சுவத்துல இருக்குது. காத்து வெளியதான் போகும்.”

அவள் சொன்னதை நம்பித்தான் சொன்னாள். மகுடேஸ்வரன் மட்டும் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தான். மேற்குச் சுவரில் ஃபேன் காற்றை வெளியே தள்ளினால், அந்த இடத்தை நிரப்பக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். கிழக்கு ஜன்னல்கள்தான் வழி. சந்துப் பக்கத்து ஜன்னல்கள். யூனிட்டே ஒரு பெரிய உறிஞ்சு மோட்டார் மாதிரி.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆடிட்டரும் அனுப்பிரியாவின் பதிலைக் கேட்டுப் பாதி திரும்பிவிட்டிருந்தாள்.

“வருதா இல்லையான்னு பார்த்துரலாமுங்க” என்றான் அவன். “கறுப்புத் துணி ஒன்னு போதும்.”

அனுப்பிரியா அவனைப் பார்த்த பார்வையை மாரிச்செல்வம் பிறகு பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அப்போது அவனும் சிரிக்கவில்லை.

கட்டிங் மேசையிலிருந்து ஒரு கறுப்புத் துண்டைக் கொண்டுவந்து, கிழக்கு ஜன்னலின் உள்பக்கத் திண்டில் விரித்தார்கள். அங்கே இருந்தது விஜயராணியின் மெஷின். யூனிட்டிலேயே சுத்தமாகத் தைப்பவள் அவள்தான். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சாம்பிள் அத்தனையும் அவள் கை பட்டவை. மகுடேஸ்வரன் போய்ப் பீரோவை ஓட்டினான். ஒரு சக்கரத்தின் உள்பக்கம் முழுவதும் சாம்பலாகும் வரை ஓட்டினான். யூனிட்டில் கத்திகள் நூலை வெட்ட மறுத்தன. பிள்ளைகள் பல்லால் கடித்தார்கள்.

திரும்பி வந்தபோது துண்டு பார்வைக்குக் கறுப்பாகவே இருந்தது. அனுப்பிரியா குனிந்து, ஆள்காட்டி விரலால் மேலாக ஒரு கோடு இழுத்தாள். கோடு கறுப்பாக விழுந்தது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் லேசான சிவப்பு.

“அட, இதுவா!” என்றாள் விஜயராணி. “பக்கத்துல கட்டடம் கட்டுதாகள்ல, செங்கத் தூசின்னு நெனச்சேன்க்கா. தெனமும் தொடச்சுப்போட்டுத்தான் உக்காருதேன்.”

சித்ராதேவி பேசினாள், குரலில் கோபம் இல்லை.

“கல்லுப்பொடி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் காலத்து பெயிண்டுல ஈயம் இருக்கும். இது குழந்தைங்க வாயில வச்சுச் சப்பற துணி.”

அனுப்பிரியா ஜன்னலோரம் அடுக்கியிருந்த வெள்ளைச் சாம்பிள்களைப் பார்த்தாள். அன்று மாலை கூரியரில் போக வேண்டியவை. அழவில்லை, கெஞ்சவும் இல்லை. “மாரி” என்றாள். “ரெஞ்ச் எடுங்க. மேல அந்த ஹோஸ் கிளம்பற இடத்துல கழட்டிட்டு, பிளக் போட்டு அடைங்க. இப்பவே.”

“சரிக்கா.”

“டாட்டா ஏஸைச் சந்துக்குக் கொண்டாங்க. பீரோ ஏறட்டும். பை, மூட்டை அல்லாம் கட்டி ஏத்திருங்க. குன்னத்தூருக்குப் போகட்டும்.” குன்னத்தூரில் மகுடேஸ்வரனின் அப்பா லிங்கசாமிக்குத் தோட்டம் இருந்தது, பக்கத்தில் வீடு கிடையாது. பிறகு சாம்பிள் கட்டைக் கையில் எடுத்தாள். “மேடம், இது போகாதுங்க. ஜன்னலுக்கு எட்டத்துல வேற மெஷின்ல புதுத் துணியில தச்சு, லேப்ல குடுத்து ஈயம் பார்த்துட்டுத்தான் அனுப்புவேன். ஜன்னல் ஓரம் உக்காந்த பிள்ளைங்க எல்லாருக்கும் நாளைக்கே ரத்தம் பார்த்தறலாம். நீங்க என்ன எழுதணுமோ எழுதிக்குங்க.”

“எனக்கும் ஊசியாக்கா?” என்றாள் விஜயராணி.

“உனக்குத்தான் மொதல்ல.”

“இதுக்கு அந்தத் தூசியே தேவல.”

அதற்குச் சித்ராதேவிகூடச் சிரித்தாள். வண்டியில் பீரோ ஏறி, வாசலைத் தாண்டிப் போகும் வரை நின்று பார்த்தாள். இரண்டு ஆரஞ்சுக் கைகள் பின்னால் ஆடிக்கொண்டே போயின. கிளம்பும்போது அனுப்பிரியாவிடம், “பார்த்தது எல்லாத்தையும் எழுதுவேனுங்க. இருந்ததையும் எழுதுவேன், நீங்க செஞ்சதையும் எழுதுவேன். முடிவு என் கையில இல்லை” என்றாள். பிறகு மகுடேஸ்வரனிடம், “நீங்க அந்தக் கறுப்புத் துணியைச் சொல்லலைன்னா நான் அப்பவே திரும்பியிருப்பேன் சார்” என்றாள். அது பாராட்டா குறையா என்று அவனுக்குப் புரியவில்லை. அனுப்பிரியாவுக்கும் புரியவில்லை.

அன்று சாப்பிடும்போது அவள் கேட்டாள். “ஏனுங்க, உங்களுக்கு என்ற பக்கம் நிக்கணும்னு தோணவே இல்லீங்களா?”

“தோணுச்சு அனு.” அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “ஆனா காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதுக்கப்பறம் விஜயராணியை அங்க உக்கார வைக்க முடியுமா?”

அவள் ரசத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ரத்தப் பரிசோதனையில் யாருக்கும் கெடுதல் இல்லை. மகுடேஸ்வரனுக்கு மட்டும் ஈயம் கொஞ்சம் கூடியிருந்தது. முகமூடியைக் கழற்றிய பிறகு பையை உதறுகிறவன் அவன்தானே. இனிமேல் தூசியோடு சேர்த்துப் பையையும் கட்டி அப்புறப்படுத்த வேண்டும் என்றார் டாக்டர். யூனிட் முழுவதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணி போட்டுத் துடைத்தார்கள். புதுச் சாம்பிள் லேபுக்குப் போனது. வெளிநாட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. அனுப்பிரியா போனைக் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தாள்.

மகுடேஸ்வரன் குன்னத்தூரில், தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால், கீற்றுப் பந்தலுக்குக் கீழே பீரோவை நிறுத்தினான். தோட்டத்துக்கென்று ஒரு பழைய கம்ப்ரஸர் வாங்கினான். பைக்காகப் பல்லடம் போனான். அங்கே விசைத்தறிகளில் ஓடுவது காடாத் துணி. பாவு நூல் நீளவாக்கில், ஊடு நூல் குறுக்கில், ஒன்றை ஒன்று மேலும் கீழுமாகத் தாண்டிப் பின்னிக்கொண்டு போகும். வளையம் இல்லை, அதனால் திறக்க வாயும் இல்லை. எத்தனை ஊதினாலும் உப்புமே தவிர விரியாது. கெட்டியாக நெய்த ரகத்தில் இரண்டு மீட்டர் வாங்கினான். கடைக்காரர், “பனியன் ஊர்க்காரருக்குக் காடா எதுக்குங்க?” என்று கேட்டார். இவன் விளக்கத் தொடங்கினான். கடைக்காரர் பாதியிலேயே அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் கடைசிச் சக்கரத்தை உள்ளே வைத்து அடித்துக்கொண்டிருந்தபோது அனுப்பிரியா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. அவள் பீரோவின் பின்பக்கம் போய், கைப்பையிலிருந்து மடித்த கறுப்புத் துண்டை எடுத்து, உப்பியிருந்த பைக்கு ஒரு முழம் தள்ளி, கொடிக்கம்பியில் தொங்கவிட்டாள். காற்று பையிலிருந்து துண்டின் பக்கமாகத்தான் வீசுகிறதா என்று கொஞ்சம் மண்ணை உதிர்த்துப் பார்த்து, துண்டை நகர்த்தி வைத்தாள். பிறகு முன்னால் வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

அவன் மிதியிலிருந்து காலை எடுத்தான். “எப்ப வந்தே?”

“நிறுத்தாதீங்க. முடிச்சுட்டுச் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“முடிங்கன்னா.”

அவன் மறுபடியும் மிதித்தான். அவள் முகமூடி மாட்டிக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தபடி நின்றாள். மடிப்புக்குள் ஒளிந்திருந்த கடைசித் துரு போனது. அவன் மோட்டாரை நிறுத்தினான். பை மெதுவாக மூச்சுவிட்டு இளைத்தது.

அவள் பின்பக்கம் போய் துண்டைக் கழற்றி, வெயிலில் விரித்து, விரலால் ஒரு கோடு இழுத்தாள். கோடு தெரியவில்லை. இன்னொரு இடத்தில் இழுத்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். விரல் விரலாகவே இருந்தது.

“காலைல மெயில் வந்துச்சு” என்றாள். “லேப் ரிப்போர்ட் சரியா இருக்குதாம். ஆர்டர் குடுக்கறாங்க. மொதல்ல கொஞ்சமா. அடுத்த மாசம் சித்ராதேவி மேடம் மறுபடி வந்து பார்ப்பாங்களாம்.”

அவன் கையுறைக்குள்ளிருந்து கையை எடுக்கக்கூட மறந்து நின்றான். “இதை வந்ததும் சொல்லியிருக்கலாமல்ல?”

“அதெப்படிங்க?” துண்டை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். “இது சிவப்பாகியிருந்தா, உங்களைக் காட்டோட நிறுத்திட்டு நான் மட்டும் ஊட்டுக்குப் போயிருப்பேன். நகருங்க, அந்தக் கையை நான் ஒருக்கா போட்டுப் பார்க்கறேன். என்ற சீதனப் பீரோதானே.”